வாசிப்பு ரசனையைப் படமாகச் சொல்வது எப்படி? எனக்கு அது ஒரு பாசன வரைபடம்

"வாசகர் சந்திப்பு ஒன்றில், 'உங்கள் வாசிப்பு ரசனையை ஒரு படமாகச் சொல்லுங்கள்' என்றார்கள். மற்றவர்கள் மரம், கடல், ஜன்னல் என்று ஏதேதோ சொன்னார்கள். நான் 'எல்லாம் படிப்பேன்' என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். இதற்கு எப்படிப் பதில் சொல்வது? எனக்குப் படம் வரையவும் வராது." இதுதான் உங்கள் கேள்வி.

நான் பாசனப் பிரிவில் வரைவாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆறு, வாய்க்கால், மதகு, வடிகால் என்று டிரேசிங் தாளில் கோடு போட்டே காலம் போயிற்று. அதனால் என் பதில் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

'கடல்', 'பிரபஞ்சம்', 'ஜன்னல்' போன்ற பதில்கள் அழகாக இருக்கும், ஆனால் எதுவும் சொல்லாது. என் வாசிப்பு கடல் என்றால் அதற்குள் எந்தப் புத்தகத்தைப் போட்டாலும் பொருந்திவிடும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் வாசிப்பும் அதே கடல்தான். அப்படியானால் உங்கள் ரசனை எங்கே இருக்கிறது? ஒரு படம் உபயோகப்பட வேண்டுமென்றால் அதில் மூன்று விஷயங்களுக்கு இடம் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. எது அதிகம், எது குறைவு என்று தெரிய வேண்டும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எப்படிப் போனீர்கள் என்று தெரிய வேண்டும். எது உங்களிடம் வந்து சேரவே இல்லை என்பதும் தெரிய வேண்டும். மூன்றாவதைத்தான் யாரும் வரைவதில்லை.

அடுத்து எல்லாரும் சொல்வது புத்தக அலமாரி. அதுவும் ஒரு படம்தான், ஆனால் நூலகத்தின் படம். மெல்வில் டூயி 1876-இல் அறிவு முழுவதையும் பத்து வகுப்பாகப் பிரித்து எண் போட்டார். அதில் நம் தமிழ் இலக்கியம் மொத்தமும் 894.811 என்ற எண்ணுக்குள் ஒண்டிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஓர் இடம், ஓர் எண். சரி, உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திர'த்தை எங்கே வைப்பது? அது வாழ்க்கை வரலாறு. அதே சமயம் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தஞ்சை ஜில்லாவின் கல்வி வரலாறு, சங்கீத வரலாறு, ஏட்டுச்சுவடி வரலாறு. இந்தச் சங்கடத்தை நன்றாகப் புரிந்துகொண்டவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்தவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, லண்டனுக்குப் படிக்கப் போனார். அங்கே ஒரு கடையில் மெக்கானோ என்ற பொம்மையைப் பார்த்தார். சின்னச் சின்னத் துண்டுகளைத் திருகாணி போட்டு விதவிதமாக இணைக்கலாம். ஒரு நூலின் பொருளையும் அப்படித் துண்டுகளாகப் பிரித்து இணைக்கலாமே என்று தோன்றியது. அதுதான் 1933-இல் கோலன் பகுப்பு முறையாக வந்தது. அருமையான யோசனை. ஆனால் அதுவும் புத்தகத்தைப் பற்றித்தான் பேசுகிறது. அதைப் படித்தவன் அடுத்து எதை எடுத்தான் என்று அதற்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

லண்டன் சுரங்க ரயில் வரைபடம் மாதிரி வரைவதாகவும் சிலர் சொல்வதுண்டு. ஹாரி பெக் என்ற வரைவாளர் 1931-இல் வரைந்து, 1933-இல் பொதுமக்கள் கைக்கு வந்த படம் அது. நேர்க்கோடு, குறுக்குக்கோடு, 45 பாகைச் சாய்வு, அவ்வளவுதான். நிஜமான தூரத்தை அவர் கண்டுகொள்ளவே இல்லை. எங்கே ஏறி எங்கே மாற வேண்டும் என்பது மட்டும் தெரிந்தால் போதும் என்று விட்டுவிட்டார். எங்கள் தொழில்காரர் என்பதால் எனக்கு அவர்மேல் தனிப் பிரியம் உண்டு. இருந்தாலும் அந்தப் படத்தில் எல்லாக் கோடும் ஒரே தடிமன். ஆயிரம் பக்கம் படித்த விஷயமும் ஒரே ஒரு கட்டுரை படித்த விஷயமும் சமமாகத் தெரியும்.

தடிமனுக்கு நான் போவது பிரெஞ்சுக்காரர் ஷார்ல் ஜோசப் மினார் என்பவரிடம். பாலங்களையும் சாலைகளையும் கவனித்த பொறியாளர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் அவருடைய நல்ல படங்கள் பல வந்தன. 1869-இல், 88 வயதில், நெப்போலியன் 1812-இல் ரஷ்யாவுக்குப் படையெடுத்துப் போன கதையை ஒரே படமாக வரைந்தார். எல்லையைத் தாண்டும்போது 4,22,000 பேர். கோடு தடியாகக் கிளம்புகிறது. மாஸ்கோ போய்ச் சேரும்போது 1,00,000. திரும்பும் வழி கறுப்புக் கோடு, மெலிந்து மெலிந்து 10,000-இல் முடிகிறது. கீழே, திரும்பும் வழியின் குளிர் எத்தனை பாகை என்று தனியாக ஒரு கோடு. ஒரு மில்லிமீட்டர் அகலம் என்றால் பத்தாயிரம் பேர். அவ்வளவு பெரிய துயரத்தை ஸ்கேல் வைத்து அளந்துவிட்டார் மனுஷர். அதில் நெப்போலியன் படம் இல்லை, குதிரை இல்லை, பீரங்கி இல்லை. கோடு மெலிவதைப் பார்த்தாலே போதும்.

உங்கள் வாசிப்புக்கும் இதைச் செய்யுங்கள். எவ்வளவு படித்தீர்களோ அவ்வளவு தடிமன். எங்கே மெலிகிறதோ அங்கே மெலியட்டும். படத்தின் உருவம் மட்டும் உங்களுக்குக் கைப்பழக்கமான ஒன்றாக இருக்கட்டும். எனக்கு அது காவிரி டெல்டா.

காவிரிப் பாசன வரைபடத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். மேட்டூரில் தண்ணீர் தேங்குகிறது. 1934-இல் கட்டி முடித்த அணை, 120 அடி, 93.47 டி.எம்.சி. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் ஆறு இரண்டாகிறது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி, நடுவில் ஸ்ரீரங்கம் தீவு. பிறகு கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிகிறது, மிச்சம் கொள்ளிடத்துக்கு. அதற்குக் கீழே குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிந்துகொண்டே போய், தண்ணீர் கடைசியாக எட்டும் வயல்களான கடைமடையில் முடிகிறது. பெரிய தாளில் பார்த்தால் மேற்கே ஒற்றைக் கோடு, கிழக்கே விரித்த விசிறி.

என் மேட்டூர், வீட்டில் இருந்த பைண்டு புத்தகங்கள். வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதைகளை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, காலிக்கோ ஒட்டி வைத்திருப்பார்கள். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கியில் வந்தது. எங்கள் வீட்டில் அது ஐந்து பைண்டாக இருந்தது, நடுவே சில வாரங்களைக் காணோம். இதில் ஒன்றைக் கவனியுங்கள். மேட்டூரில் தேங்கும் தண்ணீர் தஞ்சாவூரில் பெய்த மழை இல்லை, குடகில் பெய்தது. அதேபோல முதல் வாசிப்பு எதுவும் நாமே தேர்ந்தெடுத்தது இல்லை. அத்தை கிழித்து வைத்தது, மாமா வாங்கி வைத்தது, நூலகர் எடுத்துக் கொடுத்தது. உங்கள் படத்தை வரையும்போது இந்த இடத்தில் நின்று யோசியுங்கள். உங்களுக்கு முன்னால் யார் யார் படித்தார்கள் என்று.

கொள்ளிடத்துக்கு வருவோம். கொள்ளிடம் நேராக, தாழ்வாக, அகலமாக ஓடும் ஆறு. வெள்ளம் வந்தால் முதலில் அது வாங்கிக்கொள்ளும், மற்ற நாளெல்லாம் மணல்வெளி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரியின் வாய் மேடிட்டு, தண்ணீரைக் கொள்ளிடம் இழுத்துக்கொண்டே இருந்தது. டெல்டா காய்ந்துவிடும் என்ற நிலையில் ஆர்தர் காட்டன் 1836-இல் கொள்ளிடத்தின் தலையில் மேலணை கட்டினார். காவிரிக்கு மறுபடி தண்ணீர் ஏறியது.

என்னுடைய கொள்ளிடம் துப்பறியும் கதைகள். பஸ் ஸ்டாண்டு கடையில் கிளிப் போட்டுத் தொங்கும் மாத நாவல்கள். ஒரே மூச்சில் மூன்று, நான்கு போகும். அப்புறம் மாதக்கணக்கில் ஒன்றும் இருக்காது. இதைக் கேவலமாக நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வெள்ளத்தைக் கொண்டுபோக ஓர் ஆறு இல்லாவிட்டால் கரை உடையும். மனசு சரியில்லாத நாட்களில் கனமான நாவலை எடுத்து வைத்துக்கொண்டு பத்தாம் பக்கத்திலேயே தேங்கி நிற்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் தலையில் ஓர் அணை வேண்டும், இல்லையென்றால் தாழ்வான பக்கம்தான் எல்லாத் தண்ணீரும் ஓடும். எனக்கு அந்த அணை எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் உறுப்பினர் அட்டை. அதில் மாத நாவல் கிடைக்காது.

ஸ்ரீரங்கம் தீவில் நான் ஒரே ஒருவரைத்தான் வைத்திருக்கிறேன்: சுஜாதா. அவர் வளர்ந்த ஊரே அதுதான். கணேஷ்-வசந்த் கதைகளால் கொள்ளிடத்துக்காரர். ஸ்ரீரங்கத்துச் சிறுகதைகளாலும் கணையாழி பத்திரிகையின் கடைசிப் பக்கத்தாலும் காவிரிக்காரர். எந்தக் கரையில் வைப்பது என்று சண்டை போடுவதற்குப் பதில் நடுவில் வைத்துவிட்டேன். இப்படி நிஜ இடமும் ரசனை இடமும் தானாகவே ஒன்றாக விழும்போது ஒரு சந்தோஷம் வரும். ஆனால் எல்லாவற்றையும் அப்படி விழவைக்க மெனக்கெடாதீர்கள், படம் பொய்யாகிவிடும்.

பெயர் சொல்லும் ஆறு காவிரிதான். யாராவது 'என்ன படிப்பீர்கள்?' என்றால் முதலில் வாயில் வருவது நாவல், சிறுகதை. அதில் தி.ஜானகிராமனுக்குத்தான் பெரிய அகலம். 'மோகமுள்'ளில் வரும் கும்பகோணத்துத் தெருக்கள் எனக்கு நடந்து பழகிய தெருக்கள். அதில் வரும் பாட்டு வாத்தியார் ரங்கண்ணா தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பதைப் படித்துவிட்டு எத்தனையோ பேர் பாட்டுக் கேட்கப் போயிருப்பார்கள், நானும் போனேன். இருந்தாலும் வரைபடம் என்ன சொல்கிறது தெரியுமா? காவிரி என்ற பெயரோடு கடலுக்குப் போகும் ஆறு, பூம்புகார்ப் பக்கம் போய்ப் பார்த்தால் ஒரு சிறு வாய்க்கால். மேலையூரில் கடைசிக் கதவணை. அதைத் தாண்டி மிஞ்சுவது கொஞ்சம்தான். வழியெல்லாம் பிரித்துக் கொடுத்தாயிற்று. என் நாவல் வாசிப்பும் அப்படித்தான் ஆனது. வயது ஏற ஏற அந்தக் கோடு மெலிந்துகொண்டே வந்து, இப்போது வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ. கேட்டால் இன்னும் 'நாவல் வாசகன்' என்றுதான் சொல்லிக்கொள்கிறேன். பட்டியல் எழுதியிருந்தால் இது வெளியே தெரிந்திருக்காது. கோட்டின் தடிமன் சொல்லிவிடுகிறது.

அசோகமித்திரனை இந்தப் படத்தில் எங்கே வைப்பது என்று வெகு நாள் யோசித்தேன். செகந்திராபாத்தில் பிறந்தவர், சென்னையை எழுதியவர், டெல்டாவுக்கு அவரிடம் என்ன வேலை? பிறகு வீராணம் ஞாபகம் வந்தது. கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதியில் இருக்கும் கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குத் தண்ணீர் போகிறது, அங்கிருந்து குழாய் வழியாகச் சென்னைக்கு. பழைய வீராணம் திட்டத்துக்காக வார்த்த ராட்சதக் குழாய்கள் சாலையோரம் ஆண்டுக்கணக்கில் சும்மா கிடந்தன. 2004-இல்தான் புதிய திட்டத்தில் தண்ணீர் சென்னைக்குப் போய்ச் சேர்ந்தது. அசோகமித்திரனின் 'தண்ணீர்' சென்னையில் குழாய் வறண்ட காலத்துத் தெரு ஒன்றின் கதை. ஜமுனா ஒரு குடம் தண்ணீருக்காக அலைகிற அலைச்சலைப் படித்தவர்களுக்கு அந்தக் குழாய்களின் அருமை தெரியும். என் படத்தில் அவர் வீராணத்திலிருந்து சென்னைக்குப் போகும் நேர்க்கோடு. அதற்குக் கரை இல்லை, நாணல் இல்லை, படித்துறை இல்லை. பூமிக்கு அடியில் போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்துவிடும். அவருடைய உரைநடையும் அப்படித்தான்.

இனி வெண்ணாறு. வெளியூர்க்காரர்கள் பலருக்கு இந்தப் பெயரே தெரியாது. ஆனால் திருவாரூர், மன்னார்குடிப் பக்கத்து வயலெல்லாம் இதை நம்பித்தான் இருக்கிறது. என் வாசிப்பின் பாதி இங்கேதான் ஓடுகிறது: சுயசரிதை, நாட்குறிப்பு, ஊர் வரலாறு. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பு என்று ஓர் இடம் உண்டு. தலைப்பு என்றால் ஆறு பிரியும் இடம், கதவு வைத்துத் தண்ணீரைப் பங்கிடுவார்கள். வெண்ணாறு அங்கே வந்து பாமணியாறு, கோரையாறு, வெண்ணாறு என்று மூன்றாகப் பிரிகிறது. கதவுகளைப் பார்த்துக்கொண்டு நின்றால் நேரம் போவதே தெரியாது. சில புத்தகங்கள் இந்த மாதிரித் தலைப்புகள். உள்ளே போகும்போது ஒன்று, வெளியே வரும்போது மூன்று.

'என் சரித்திரம்' எனக்கு அப்படித்தான். 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் தொடராக வந்து, ஆசிரியர் மறைவோடு நின்றுபோன நூல். உத்தமதானபுரத்துப் பையன் ஒருவன் தமிழ் கற்க ஊர் ஊராகத் திரிகிறான் என்றுதான் படிக்க ஆரம்பித்தேன். மாயூரத்தில் மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேருகிற பகுதி வந்தது. அவர் எத்தனையோ தலபுராணம் பாடியவர், அதனால் தலபுராணங்கள் பக்கம் ஒரு வாய்க்கால் வெட்டியது. அதே மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் கொஞ்ச நாள் பாட்டுக் கற்றுக்கொள்கிறார், அது பிள்ளையவர்களுக்குப் பிடிக்கவில்லை, விட்டுவிடுகிறார். அந்தப் பகுதியிலிருந்து இசைக்காரர்களின் வாழ்க்கை வரலாறுகளுக்கு இன்னொரு வாய்க்கால். பிறகு கும்பகோணம் கல்லூரியில் வேலை. அங்கே முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார், 'சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா?' என்ற ரீதியில் கேட்டு ஆளைத் திசைதிருப்பிவிடுகிறார். 1887-இல் சிந்தாமணி அச்சில் வருகிறது. அங்கிருந்து பதிப்பு வரலாறு: யார் எந்தச் சுவடியை எங்கே கண்டார்கள், எந்தப் பாடத்தைக் கொண்டார்கள், எதைத் தள்ளினார்கள். மூன்றாவது வாய்க்கால். இப்போது அதில்தான் அதிகத் தண்ணீர் ஓடுகிறது.

தலைப்பு நூல்களை உங்கள் படத்தில் பெரிதாகப் போடுங்கள். அவை உங்களுக்கு மிகவும் பிடித்த நூல்களாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை யாரும் ஆசையாகப் படிக்க மாட்டார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்குத் துப்பாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தவர் 1736-இலிருந்து எழுதிவைத்த கணக்கு, வதந்தி, கப்பல் வரவு, குவர்னரின் கோபதாபம். பல பக்கம் சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அதைப் படித்த பிறகுதான் பதினெட்டாம் நூற்றாண்டைப் பற்றிய வேறு எதுவும் எனக்குப் பிடிபட்டது.

கல்லணைக் கால்வாய் இயற்கையான ஆறு இல்லை. ஜனங்கள் புது ஆறு என்பார்கள். மேட்டூர் அணையோடு சேர்த்துத் திட்டமிட்டு, தஞ்சாவூர் ஊருக்குள்ளேயே வெட்டிக்கொண்டு போய், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று காவிரி தானாகப் போகாத மேட்டு நிலத்துக்குத் தண்ணீர் கொண்டுபோன கால்வாய். என் படத்தில் அது மொழிபெயர்ப்பு. நமக்குத் தானாக வந்து சேராத நிலத்திலிருந்து யாரோ பாடுபட்டு வெட்டிக் கொண்டுவந்தது. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் மீர் பதிப்பகமும் ராதுகாவும் அச்சிட்டு அனுப்ப, நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் கண்காட்சி போட்டு விற்ற கெட்டி அட்டைப் புத்தகங்களைப் பார்த்த தலைமுறை நான். விலை சல்லிசு. ரா.கிருஷ்ணையா மொழிபெயர்த்த தல்ஸ்தோயின் 'புத்துயிர்ப்பு' எங்கள் தெருவில் நாலைந்து வீடுகளில் இருந்தது. 1991-இல் சோவியத் யூனியன் போனதும் தலையில் கதவை இறக்கினாற்போல அந்த வரத்து நின்றது. அதே கால்வாயில் சாகித்திய அகாதெமியும் நேஷனல் புக் டிரஸ்டும் வங்காளத்தைக் கொண்டுவந்தன. தாராசங்கர் பந்யோபாத்யாயவின் 'ஆரோக்கிய நிகேதனம்' த.நா.குமாரசாமியின் தமிழில். அதீன் பந்யோபாத்யாயவின் 'நீலகண்டப் பறவையைத் தேடி' சு.கிருஷ்ணமூர்த்தியின் தமிழில். நாடி பிடித்தே சாவின் நாளைச் சொல்லும் கிழட்டு வைத்தியர் ஜீவன் மசாயைத் தமிழ் நாவல் எதிலும் நான் சந்தித்ததில்லை. அரசாங்கம் வெட்டிய வாய்க்கால் என்று சிரிக்கிறவர்கள் இந்த இரண்டையும் ஒரு முறை படித்துப் பார்க்கலாம்.

கடைமடையைச் சொல்லாமல் விட்டால் இந்தப் படத்துக்கு அர்த்தமே இல்லை. ஜூன் 12-இல் மேட்டூரைத் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. மேலே எல்லா மதகும் நிறைந்த பிறகு, முறை வைத்து, மதகைக் கவனிக்கும் லஸ்கர் ஷட்டரை ஏற்றினால் உண்டு. என் கடைமடை நவீன கவிதை. வாங்குகிறேன், மேஜையில் வைக்கிறேன், மற்றதெல்லாம் முடிந்த பிறகு முறை வருகிறது, பல வருஷம் வருவதே இல்லை. அறிவியல் புனைகதையும் அங்கேதான், சுஜாதாவோடு சரி. சுயமுன்னேற்ற நூல்களுக்கு நான் வாய்க்காலே வெட்டவில்லை, அது வேண்டுமென்றே. இந்த இரண்டு வெறுமையும் வேறு வேறு. ஒன்று தண்ணீர் போக வேண்டிய இடம், போகவில்லை. மற்றது ஆயக்கட்டிலேயே, அதாவது பாசனப் பரப்பிலேயே, சேராத இடம். உங்கள் படத்தில் இரண்டுக்கும் வெவ்வேறு நிறம் கொடுங்கள்.

வடிகாலையும் மறந்துவிடாதீர்கள். டெல்டாவில் தண்ணீர் கொண்டுவருவது எவ்வளவு முக்கியமோ வெளியேற்றுவதும் அவ்வளவு முக்கியம். ஐப்பசி, கார்த்திகையில் சம்பா வயலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஐம்பது பக்கத்துக்குள் ஒட்டாத புத்தகத்தை நான் விட்டுவிடுவேன், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும். அப்படி விட்டதில் சில விருது வாங்கிய நாவல்களும் உண்டு, அவற்றையும் வடிகால் கோட்டில் குறித்திருக்கிறேன்.

முத்துப்பேட்டையில் பாமணியும் கோரையும் கடலில் சேருமிடத்தில் அலையாத்திக் காடு. நன்னீரா உப்பா என்று சொல்ல முடியாத தண்ணீர். நாவலா வரலாறா என்று சொல்ல முடியாத புத்தகங்களை அங்கே நட்டு வைத்திருக்கிறேன். ப.சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'தான் முதல் மரம். சிங்காரம் சிங்கம்புணரிக்காரர், இந்தோனேசியாவின் மேடான் நகரில் வேலை பார்த்தவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்து மேடானையும் பினாங்கையும், அங்கே வட்டிக்கடை வைத்திருந்தவர்களையும் அவர் எழுதியதற்குத் தமிழில் ஜோடி கிடையாது. 1972-இல் வெளிவந்து, வெகு காலம் கண்டுகொள்ளப்படாமல் கிடந்தது.

இவ்வளவு சொன்ன பிறகு, இந்தப் படம் எங்கே உடைகிறது என்பதையும் சொல்ல வேண்டும். கி.ராஜநாராயணனும் பூமணியும் இதில் இல்லை. 'கோபல்ல கிராமம்' எனக்கு மிகவும் நெருக்கமான நூல். கி.ரா. 1982-இல் கொண்டுவந்த கரிசல் வட்டார வழக்கு அகராதியை நான் நாவல் மாதிரி உட்கார்ந்து படித்தவன். ஆனால் கரிசல் வானம் பார்த்த பூமி. அங்கே ஆற்றுப் பாசனம் கிடையாது, வாய்க்காலால் இணைக்கவும் முடியாது. எந்த நூலின் கையைப் பிடித்துக்கொண்டும் நான் அங்கே போகவில்லை. மழை மாதிரி நேரடியாக வந்து விழுந்தது. இதை எப்படியாவது டெல்டாவுக்குள் அடக்க ஒரு பொய்க் கால்வாய் வரையலாம், செய்யவில்லை. தாளின் ஓரத்தில் கட்டம் போட்டு 'தனித் தாள் பார்க்க' என்று எழுதியிருக்கிறேன். எங்கள் ஆபீஸ் வழக்கமும் அதுதான்.

இன்னொரு உடைசல் குறுந்தொகை. நாலு அடி முதல் எட்டு அடி வரைக்குமான சின்னப் பாட்டுகள், நானூற்றுச் சொச்சம். அதை எந்த ஆற்றிலும் என்னால் வைக்க முடியவில்லை. ஒரு நாளைக்கு ஒரு பாட்டுக்கு மேல் படிக்கவும் முடியாது. ஆனால் தி.ஜா.வைப் படிக்கும்போதும் அசோகமித்திரனைப் படிக்கும்போதும், சொல்லாமல் விட்ட இடம் என்னைத் தைத்தால், அதைத் தைக்கவைத்தது குறுந்தொகைதான் என்று நினைக்கிறேன். மேல்மட்ட வரைபடத்தில் நிலத்தடி நீரைக் காட்ட முடியாது. பம்புசெட்டு வைத்தவனுக்குத்தான் அது இருப்பது தெரியும்.

அடுத்த முறை யாராவது கேட்டால் இவ்வளவும் சொல்ல முடியாது, தூங்கிவிடுவார்கள். நானாக இருந்தால் இவ்வளவுதான் சொல்வேன்: "என் வாசிப்பு காவிரி டெல்டா மாதிரி. வெளியே தெரியும் பெயர் நாவல், ஆனால் பாதித் தண்ணீர் சுயசரிதைப் பக்கம் போகிறது. வெள்ளம் வந்தால் துப்பறியும் கதை. கவிதை கடைமடையில் காய்கிறது. 'என் சரித்திரம்' படித்த பிறகு ஆறு மூன்றாகப் பிரிந்துவிட்டது." அரை நிமிஷம்கூட ஆகாது. கேட்டவர்களுக்கு உங்களிடம் அடுத்த கேள்வி கேட்க நாலு இடம் கிடைத்துவிடும்.

நீங்கள் டெல்டாக்காரராக இல்லாவிட்டால் ஆறு வேண்டாம். தறி ஓட்டுகிற வீடு என்றால் பாவும் ஊடும் இருக்கிறது. மின்வாரியத்தில் இருப்பவர்களுக்குத் துணைமின் நிலையம், டிரான்ஸ்பார்மர், லைன் இருக்கிறது, மின்வெட்டுகூட இருக்கிறது. எதுவானாலும், அதில் எது எங்கே அடைத்துக்கொள்ளும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏட்டில் மட்டும் பார்த்த உருவத்தை எடுத்தால் இரண்டாவது கேள்விக்கே மாட்டிக்கொள்வீர்கள்.

வரைய வராது என்றீர்கள். பெக்கின் படத்திலும் மினாரின் படத்திலும் இருப்பது கோடுகள்தான், ஓவியம் இல்லை. ஒரு ஏ4 தாளை அகலவாக்கில் வையுங்கள். ஹெச்பி பென்சில் போதும். இடது ஓரத்தில் நீங்கள் பத்து, பன்னிரண்டு வயதில் படித்ததை எழுதுங்கள், வலது ஓரத்தில் போன மாதம் படித்ததை. முதலில் தலைப்பு நூல்களை மட்டும் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள், நாலைந்துக்கு மேல் வராது. அவற்றை இணைத்துவிட்டு, பிறகு தடிமன் கொடுங்கள். முதல் தாள் சரியாக வராது, அதைக் கிழித்துப் போடாமல் அடியில் வைத்து அதன்மேல் இரண்டாவது தாளில் டிரேஸ் எடுங்கள். மையில் வரைவதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.